ஞாயிற்றுக்கிழமை கடை இருக்காது

கேள்வி: அக்டோபரில் ஒரு செமஸ்டருக்குப் பரிமாற்ற மாணவியாக பெர்லின் போகிறேன். அங்கத்திய தினசரி வாழ்க்கைக்கு எப்படிப் பழகுவது?

பதில்: முதலில் அரசு அலுவலக வேலையை முடித்துவிடுங்கள். குடியேறிய 2 வாரத்துக்குள் முகவரியைப் பதியவேண்டும், அதற்கு வீட்டுக்காரரோ விடுதி நிர்வாகமோ கையெழுத்திட்ட படிவம் தேவை, சாவி வாங்கும்போதே கேட்டுவிடுங்கள். ஞாயிறன்று சூப்பர் மார்க்கெட்டுகள் பெரும்பாலும் மூடியிருக்கும், அரிசி பருப்பை சனிக்கிழமையே வாங்கிவையுங்கள். காலி தண்ணீர் பாட்டிலைத் தூக்கியெறியாமல் கடை மெஷினில் போட்டால் பெரும்பாலும் 25 சென்ட் திரும்பக் கிடைக்கும். இரவு 10 மணிக்கு மேல் மிக்ஸி ஓட்டவே வேண்டாம். எனக்குக் கவலை டிசம்பர்தான்: மாலை 4 மணிக்கே இருட்டிவிடும், அறைக்குள்ளேயே கிடந்தால் வீட்டு ஞாபகம் அழுத்தும், அதனால் வெளிச்சம் இருக்கும்போதே கொஞ்ச தூரம் நடந்துவிட்டு வாருங்கள், அப்புறம் விடுதியின் பொதுச் சமையலறையில் சமையுங்கள், அங்கேதான் பேச ஆள் கிடைக்கும்.