வாங்க வர்றவரே விலை சொல்லலாமா?

கேள்வி: அப்பா போனதுக்கப்புறம் வீட்டுச் சாமான் எல்லாம் அப்படியே கிடக்கு. நகை, பழைய நாணயம், கடிகாரம், வெள்ளி ஸ்பூன், அலமாரி நிறைய புத்தகம். நாங்க மூணு பேர் பங்கு பிரிக்கணும். பழைய பொருள் வாங்குற ஒருத்தர் "ஃப்ரீயாவே மதிப்பு போட்டுத் தர்றேன், பிடிச்சதை நானே எடுத்துக்கறேன்"னு சொல்றார். அவரையே கூப்பிடலாமா? தங்கச்சி வேற எல்லாத்தையும் தேய்ச்சு பளபளன்னு ஆக்கணும்னு நிக்கறா.

பதில்: வேண்டவே வேண்டாம். வாங்கப்போறவருக்கு விலை குறைஞ்சாதானே லாபம், அவர்கிட்டயே போய் மதிப்பு கேட்டா என்ன சொல்லுவார்? அந்த ஃப்ரீக்கான காசை உங்க பொருள் விலையில கழிச்சுக்குவார், அவ்வளவுதான். மதிப்பு போடறதை மட்டுமே தொழிலா வச்சிருக்கற ஒரு வேல்யூவரைப் பிடிங்க, ஃபீஸை மணிக்கு இவ்வளவுன்னோ மொத்தமாவோ பேசிக்கோங்க. "மதிப்புல இத்தனை பர்சன்ட்"னு கேட்டார்னா கும்பிடு போட்டு அனுப்பிடுங்க, மதிப்பை ஏத்த ஏத்த அவருக்குத்தானே வரவு.

கூப்பிடும்போதே எதுக்குன்னு சொல்லிடணும், இது ரொம்ப முக்கியம். ஒரே கடிகாரத்துக்கு இன்சூரன்ஸுக்குப் போடற விலை வேற, அது பெரும்பாலும் அதிகமா இருக்கும், சந்தையில நிதானமா வித்தா கிடைக்கற விலை வேற, அவசரத்துக்கு வித்தா இன்னும் கம்மி. பங்கு பிரிக்க உங்களுக்கு வேணும்ங்கறது சந்தை மதிப்பு. எந்தத் தேதி மதிப்புங்கறதையும் பேசிக்கோங்க.

தங்கச்சி கையில இருக்கற துணியை முதல்ல வாங்கி வைங்க! நாணயத்தைத் தேய்ச்சா லென்ஸ்ல பார்க்கறப்போ மெல்லிய கீறல் தெரியும், மதிப்பு அங்கேயே போச்சு. ஸ்பூனைத் தேய்க்கறதை விட்டுட்டு திருப்பிப் பாருங்க, காம்புக்குப் பின்னாடி பொடிப்பொடியா முத்திரை இருக்கும். 925னு இருந்தா நூத்துக்கு 92.5 பங்கு வெள்ளி, ஈபிஎன்எஸ்னு (EPNS) இருந்தா உள்ளே வேற உலோகம், மேல வெறும் வெள்ளி முலாம். எதையும் இப்போ தூக்கிப் போடாதீங்க, பழைய ரசீது, கடிதாசி, கடிகாரம் வந்த டப்பா எல்லாம் பொருள் எங்கேர்ந்து வந்ததுன்னு சொல்ற ஆதாரம். புத்தகத்தையும் ஒவ்வொண்ணா பிரிச்சுப் பாருங்க, உள்ளே என்னென்னவோ சொருகி வச்சிருப்பாங்க.

ஒரே ஆளுக்கு எல்லாம் தெரியாது. நாணயம் எனக்குப் பழக்கமில்லை, தெரிஞ்சவரைக் கேக்கறேன்னு சொல்றவர்தான் நல்ல வேல்யூவர். பக்கெட், பாத்திரத்தையெல்லாம் ஒவ்வொண்ணா எழுத வைக்காதீங்க, மொத்தமா ஒரு வரி போதும், மீட்டர் ஓடிட்டே இருக்கும்ல. ரிப்போர்ட்டுல போட்டோ, அளவு, என்ன கண்டிஷன், எந்த விற்பனையை வச்சு இந்த விலைன்னு எல்லாம் எழுதி கையெழுத்து இருக்கணும். ஆளைப் பிடிக்கும்போதே மூணு பேரும் சம்மதிச்சு, மூணு பேருக்கும் ஒரே காப்பி போகணும், இல்லேன்னா நாளைக்கு "உன் ஆளுதானே போட்டான்"னு ஆரம்பிச்சிடும்.

அதுக்கப்புறம் அந்த ஃப்ரீ மனுஷன் தாராளமா வரட்டும். அவர் திரும்ப வித்து சம்பாதிக்கணும், அதனால கொஞ்சம் கம்மியாத்தான் கேப்பார், அது நியாயம்தான். ஆனா ரிப்போர்ட்டை மட்டும் காட்டிடாதீங்க, முதல்ல அவர் வாயால விலை வரட்டும்.