ஃபாயில் ஒட்ட பசைக்குப் பதம் பார்ப்பது எப்படி? சுவர் அலங்கார வேலை – கேள்வி பதில்

உலோக மினுமினுப்புள்ள ஃபாயிலை வைத்துச் சுவரில் அலங்காரப் பூச்சு செய்யக் கற்றுக்கொண்டிருப்பவர்கள் அனுப்பிய கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும்.

சேலத்திலிருந்து: அண்ணா, கடையில் ஃபாயில் என்றும் லீஃப் என்றும் இரண்டு தருகிறார்கள். இரண்டும் ஒன்றா? எதில் தொடங்கலாம்?

இரண்டும் வேறு தம்பி. லீஃப் என்பது தட்டி மெலிதாக்கிய நிஜ உலோகம். பொன் நிறத்தில் மலிவாகக் கிடைப்பது செம்பும் துத்தநாகமும் கலந்த பித்தளைத் தாள். பெரும்பாலும் 14 செ.மீ. சதுரமாக, புத்தகத்துக்கு 25 தாளாக வரும். மூச்சுக் காற்றுக்கே பறக்கும்.

ஃபாயில் சுருளாக வரும். மெல்லிய பாலியெஸ்டர் பிலிமின் மேல் விடுபடும் பூச்சு, அதன்மேல் நிற லாக்கர் (வார்னிஷ் போன்ற வண்ணப் பூச்சு), அதற்கும் மேல் ஆவியாக்கிப் படிய வைத்த அலுமினியம். சுவரில் ஒட்டுவது லாக்கரும் அலுமினியமும் மட்டும். பிலிம் நம் கையோடு வந்துவிடும். பொன் நிறமானாலும் செம்பு நிறமானாலும் உள்ளே இருப்பது அலுமினியம்தான். இதை மனதில் வையுங்கள், கீழே வரும் பாதிக் கேள்விகளுக்கு இதுவே பதில்.

முதலில் ஃபாயிலில் தொடங்குங்கள். தப்பினால் அதே இடத்தில் பசை தடவித் திரும்ப ஒட்டலாம்.

மதுரையிலிருந்து: சார், பசை தடவி ஒட்டித் தேய்த்தேன். பிலிமை இழுத்தால் ஃபாயில் அப்படியே திரும்பி வருகிறது. சுவரில் ஒன்றுமே நிற்கவில்லை.

முதலில் பக்கத்தைப் பாருங்கள். நிறம் தெரியும் பளபளப்பான பக்கம் உங்களைப் பார்க்க வேண்டும், மங்கலான பக்கம் பசையில் உட்கார வேண்டும். புதிதாகச் செய்கிறவர்கள் அழகான பக்கத்தைச் சுவருக்குக் கொடுத்துவிடுகிறார்கள். பக்கம் சரியென்றால், அடுத்துப் பார்க்க வேண்டியது பசை. மினுமினுப்பில்லாத மேட் எமல்ஷன் மேல் நேரடியாகத் தடவியிருந்தால் சுவர் அதைக் குடித்திருக்கும். லேசான மினுமினுப்புள்ள சாட்டின் பெயின்ட் அடித்து ஒரு நாள் காயவிட்டு, அதன்மேல் பசையை இரண்டு மெல்லிய கோட்டாகக் கொடுங்கள். முதல் கோட் சுவரை அடைக்கும், இரண்டாவதுதான் ஃபாயிலைப் பிடிக்கும்.

சென்னையிலிருந்து: டப்பாவில் 30 நிமிடம் என்று போட்டிருக்கிறது. கடிகாரம் பார்த்துத்தான் ஒட்டினேன். ஃபாயில் சறுக்கி, மங்கலாகி, அங்கங்கே கொப்பளித்துவிட்டது. ஏன்?

கடிகாரத்தை நம்பியதுதான் காரணம். தண்ணீர் கலந்த (வாட்டர்-பேஸ்டு) பசை, நீர் வெளியேறினால்தான் பதத்துக்கு வரும். சென்னையின் மழைக்காலத்தில் காற்றே ஈரம். டப்பாவில் 30 நிமிடம் என்றால் அங்கே ஒரு மணி நேரமோ, அதற்கு மேலுமோ ஆகலாம். கோடையில் கோவையில் அதே பசை 20 நிமிடத்தில் தயாராகிவிடலாம். பதம் வரும் முன் ஒட்டினால், பிலிம் மூடிபோல உட்கார்ந்து நீரை உள்ளேயே அடைத்துவிடும். அந்த ஈரத்தில் ஃபாயில் வழுக்கும், பளபளப்பு போகும், கொப்புளம் எழும்.

பாகு காய்ச்சும்போது கம்பிப் பதம் பார்ப்பதைப் போலத்தான் இங்கேயும். முதல் அடையாளம் நிறம். தடவியபோது பால்போல வெள்ளையாக இருந்தது முழுக்கத் தெளிய வேண்டும். மூலையில் ஒரு பால் திட்டு மிச்சமிருந்தாலும் பொறுத்திருங்கள். இரண்டாவது தொடுகை. விரல் நுனி வேண்டாம், அதில் எண்ணெய்ப் பிசுக்கு உண்டு. மடக்கிய விரலின் கணுவால் லேசாகத் தொட்டு எடுங்கள். தோலை இழுத்துப் பிடித்து, சின்னதாக 'டக்' என்ற சத்தத்தோடு விட வேண்டும். கணுவில் பசை ஒட்டி வரக்கூடாது. வந்தால் இன்னும் ஈரம். இழுப்பே இல்லாவிட்டால் பதம் தாண்டிவிட்டது, இன்னொரு மெல்லிய கோட் கொடுத்துத் திரும்பக் காத்திருங்கள்.

மின்விசிறியை நேராகத் திருப்ப வேண்டாம். மேலே தோல் கட்டிக்கொண்டு உள்ளே ஈரம் நிற்கும். அறையின் காற்று பொதுவாக ஓடினால் போதும்.

சுவருக்குப் போகுமுன் இந்தப் பயிற்சியைக் கட்டாயம் செய்யுங்கள். 2 அடி சதுரப் பலகை நான்கு எடுத்து, பிரைமரும் சாட்டினும் அடித்து, ஒரே நேரத்தில் பசை தடவுங்கள். முதல் பலகையில் 15 நிமிடத்தில், இரண்டாவதில் 30, மூன்றாவதில் 60, நான்காவதில் 120 நிமிடத்தில் ஃபாயில் ஒட்டுங்கள். நான்கையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் உங்கள் ஊருக்கும் உங்கள் பசைக்கும் எது பதம் என்று கண்ணுக்கே தெரியும்.

திருச்சியிலிருந்து: புது வீடு. பூச்சு முடிந்து இரண்டு வாரம்தான். வரவேற்பறைச் சுவரில் இப்போதே செய்யலாமா?

வேண்டாம். சிமென்ட் பூச்சு குறைந்தது 28 நாள் ஆறட்டும், ஈரம் தெரிந்தால் இன்னும் விடுங்கள். புதுச் சுவரின் காரம் அலுமினியத்தை அரிக்கும், ஃபாயில் கறுத்துத் திட்டுத் திட்டாகப் போகும். சுண்ணாம்புப் பூச்சின் மேலும் இதே ஆபத்து இருப்பதால் காரம் தாங்கும் பிரைமர் அவசியம்.

பட்டி பார்த்தபின் 180 எண் உப்புத்தாள், பிறகு அதைவிட நைசான 320. கையால் தடவினால் வழவழப்பாக இருப்பது போதாது. இருட்டில் டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பிடித்து ஒளியைப் பக்கவாட்டில் விடுங்கள். எமல்ஷன் மறைக்கும் மேடு பள்ளத்தை எல்லாம் ஃபாயில் கண்ணாடிபோலக் காட்டிவிடும்.

ஈரோட்டிலிருந்து: முழுச் சுவரும் பளபளவென்று வேண்டாம். பழைய அரண்மனைச் சுவர்போல அடியில் நிறம் தெரிந்து, அங்கங்கே மட்டும் பொன் வேண்டும்.

ஃபாயிலுக்கு மிக அழகாகப் பொருந்துவது இந்த வேலைதான். அடிநிறம் ஆழமாக இருக்கட்டும்: கருஞ்சிவப்பு, காபிக் கொட்டை நிறம், கரும்பச்சை. பசையை ரோலரால் முழுக்கத் தடவாமல், ஈரமாக்கிப் பிழிந்த இயற்கை ஸ்பாஞ்சால் ஒற்றுங்கள். ஒவ்வொரு ஒற்றுக்கும் கையைத் திருப்புங்கள், இல்லையென்றால் அச்சடித்ததுபோல ஒரே வடிவம் திரும்பத் திரும்ப வரும். பதம் வந்ததும் ஃபாயிலை வைத்து விறைப்பான பிரஷ்ஷால் பல திசையில் தேய்த்து இழுங்கள். அந்தத் துண்டைத் தூக்கிப் போட வேண்டாம், ஒட்டாமல் மிஞ்சிய பகுதியை அடுத்த இடத்தில் பயன்படுத்தலாம்.

அதன்மேல் கிளேஸ், அதாவது அடியில் இருப்பது தெரியும்படியான மெல்லிய பூச்சு, போடாவிட்டால் ஜிகினாத் தாள்போலத்தான் தெரியும். முதலில் தண்ணீர் கலந்த நிறமற்ற வார்னிஷ் ஒரு கோட். வழுவழுப்பான ஃபாயிலில் கிளேஸ் பிடிக்க இது வேண்டும். காய்ந்தபின் நிறமற்ற கிளேஸ் 4 பங்கு, பழுப்பு எமல்ஷன் 1 பங்கு கலந்து, 3 அடி சதுரமாகத் தடவி, கசக்கிய பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள். விளிம்பு காயும் முன் அடுத்த சதுரத்துக்குப் போய்விட வேண்டும், தாமதித்தால் கோடு விழும். ஒருவர் தடவ, ஒருவர் ஒற்ற, இரண்டு பேராகச் செய்வது நல்லது.

கொழும்பிலிருந்து: செம்பு நிற ஃபாயிலில் உப்பும் வினாகிரியும் (வினிகர்) தெளித்தேன், பழைய செம்புபோல் பச்சை வரும் என்று. மூன்று நாளாகியும் வரவில்லை.

அதில் செம்பு இல்லை. லாக்கருக்கு நிறம் செம்பு, அடியில் அலுமினியம். களிம்புப் பச்சை வேண்டுமென்றால் நிஜச் செம்புத் தாள் ஒட்டுங்கள், பசை ஒரு நாள் இறுகட்டும், பிறகு தெளியுங்கள். போதுமான நிறம் வந்ததும் நீரால் ஒற்றித் துடைத்துக் காயவிட்டு மேல்பூச்சு கொடுங்கள். ஃபாயில்மேல் அதே தோற்றம் வேண்டுமென்றால் நீலப்பச்சைக் கிளேஸை ஸ்பாஞ்சால் ஒற்றுவதுதான் வழி.

கோவையிலிருந்து: மாஸ்டர், போன வேலையில் பொன் லீஃப், இந்த வேலையில் பொன் ஃபாயில். இரண்டிலும் மேல்பூச்சில்தான் கெட்டது. லீஃப் கறுத்தது, ஃபாயிலின் நிறம் கரைந்தது.

இரண்டுக்கும் ஒரே மேல்பூச்சு ஆகாது. பித்தளை லீஃப் ஈரத்தாலும் விரல் வியர்வையில் உள்ள உப்பாலும் கறுக்கும். தண்ணீர் கலந்த சில வார்னிஷ்களில் உள்ள அம்மோனியாவும் அதற்குப் பகை. அதனால் பருத்திக் கையுறையோடு ஒட்டி, பசை நன்றாக இறுகியபின் ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கு, அதாவது பிரெஞ்சு பாலிஷ், மெல்லியதாக ஒரு கோட் கொடுங்கள். அது உலோகத்தை மூடிவிடும், பிறகு மேலே என்ன வேண்டுமானாலும் போகலாம்.

ஃபாயிலுக்கு இது தலைகீழ். தின்னர், ஸ்பிரிட் கலந்தவை அதன் நிற லாக்கரை இளக்கக்கூடும். நிறம் கலைந்து அடியிலுள்ள வெள்ளி நிற அலுமினியம் எட்டிப் பார்க்கும். அதற்குத் தண்ணீர் கலந்த பாலியூரித்தேன்தான், இரண்டு மெல்லிய கோட். எந்தப் புதுச் சுருள் வாங்கினாலும் ஓரத் துண்டில் மேல்பூச்சைச் சோதித்துவிட்டே சுவருக்குப் போங்கள்.

தஞ்சாவூரிலிருந்து: ஓவியத்தில் ஒட்டும் 22 காரட் தங்கத் தாளைப் பூஜையறைச் சுவரில் ஒட்டலாமா?

ஒட்டலாம், கறுக்காது. ஆனால் முழுச் சுவருக்குச் செலவு தாங்காது. ஒரு மாடத்தின் உள்புறம், வளைவின் விளிம்பு என்று சிறு இடமாக எடுங்கள். மீதிக்குப் பொன் ஃபாயில் போட்டு மேலே பழுப்புக் கிளேஸ் கொடுத்தால் இரண்டும் ஒன்றுக்கொன்று உறுத்தாது.

நாகர்கோவிலிலிருந்து: 10க்கு 10 அடி சுவர் முழுக்க லீஃப் ஒட்ட எத்தனை புத்தகம் வேண்டும்?

100 சதுர அடி என்பது சுமார் 9.3 சதுர மீட்டர். 14 செ.மீ. தாளை ஒன்றின் மேல் ஒன்று அரை செ.மீ. ஏறும்படி வைத்தால் ஒரு தாள் 13.5 செ.மீ. சதுரத்தைத்தான் மூடும். ஆக 510 தாள், 25 தாள் புத்தகமாக 21. கிழிசலுக்கும் ஒட்டுக்கும் சேர்த்து 24 வாங்குங்கள், எல்லாம் ஒரே தொகுப்பு எண்ணாக இருக்கட்டும். தொகுப்பு மாறினால் நிறம் சற்று மாறும், பக்கத்துப் பக்கத்தில் ஒட்டியபின்தான் அது தெரியும்.