யூடியூபும் ஏஐயும் சொல்லிக்கொடுக்கும்போது பொறியியல் கல்லூரி எதற்கு?

கேட்டவர் எழுதியிருப்பது இதுதான்: தம்பி எலக்ட்ரானிக்ஸ் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். வகுப்பில் நடத்துவதைவிட யூடியூபில் நன்றாகப் புரிகிறது, புரோகிராமை ஏஐ எழுதிக் கொடுத்துவிடுகிறது, இன்னும் இரண்டு வருடம் பணம் கட்டிப் படிப்பது வீண், விட்டுவிடுகிறேன் என்கிறான். வீட்டில் தினமும் சண்டை. பெங்களூரில் இந்த வேலையில் இருப்பவர்கள் பதில் சொல்லுங்கள்.

விட வேண்டாம் என்று சொல்லுங்கள். இரண்டு வருடத்தை முடிக்கட்டும். பட்டம் இல்லாத விண்ணப்பத்தை நிறையக் கம்பெனிகள் திறந்துகூடப் பார்ப்பதில்லை, இங்கே ஆள் எடுக்கும் இடத்தில் உட்கார்ந்திருக்கிற எனக்கு அது நன்றாகத் தெரியும். அது சரியா தப்பா என்பது வேறு விஷயம். ஆனால் இந்த ஒரு காரணத்துக்காக மட்டும் கல்லூரிக்குப் போனால் அந்த இரண்டு வருடமும் நிஜமாகவே வீண்தான், அதில் உங்கள் தம்பி சொல்வது சரி. அதனால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், பொறுமையாகப் படிக்கச் சொல்லுங்கள்.

எனக்கு ஊர் அரூர் பக்கம். பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளி, தமிழ்வழி. 2002-ல் கல்லூரியில் சேர்ந்தேன், நாலு வருடத்தில் வகுப்பில் எழுந்து நின்று ஒரே ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை. எல்லாம் புரிந்துவிட்டது என்பதால் இல்லை. கேள்வியை ஆங்கிலத்தில் எப்படி ஆரம்பிப்பது என்று மனசுக்குள் வாக்கியம் கட்டி முடிப்பதற்குள் சார் அடுத்த பக்கத்துக்குப் போயிருப்பார். தப்பாகக் கேட்டால் பின்பெஞ்சில் சிரிப்பார்கள் என்ற பயம் வேறு. என் மாதிரி வகுப்பில் பாதிப் பேர் இருந்தோம், ஒருவருக்கொருவர்கூடச் சொல்லிக்கொண்டதில்லை. மனப்பாடம் செய்து எழுதி முதல் வகுப்பில் தேறி 2006-ல் பெங்களூர் வந்தேன்.

வந்து சேர்ந்தது ஒரு சின்னக் கம்பெனி. தொழிற்சாலை உலைகளின் வெப்பநிலையைப் பார்த்துப் பதிவு செய்கிற கருவி செய்வோம், அதற்குள் ஓடுகிற புரோகிராம் எழுதுவது என் வேலை. அங்கே எனக்கு மேலே ஒரு சீனியர் இருந்தார், அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன், ஊர் கேஜிஎஃப், அதாவது கோலார் தங்கவயல். அப்பா தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர், 2001-ல் சுரங்கத்தை மூடியதும் குடும்பமே ஆட்டம் கண்டது என்று சொல்வார். அந்த ஊரிலிருந்து நிறையப் பேர் போல இவரும் மாரிக்குப்பம் ரயிலில் ஏறி தினமும் பெங்களூர் வந்து போவார். கையில் எப்போதும் ஒரு நீள நோட்டு இருக்கும், ரயிலில் உட்கார்ந்து அதில்தான் எழுதிக்கொண்டு வருவார்.

2008-ல் பெங்களூரின் தொழிற்பேட்டையான பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் வைத்த எங்கள் கருவி அவ்வப்போது பதிவை நிறுத்திவிட்டது. அணைத்துப் போட்டால் ஓடும், அப்புறம் மறுபடி நிற்கும். நான் புரோகிராமை மூன்று தடவை வரிவரியாகப் படித்துவிட்டேன், ஒன்றும் தெரியவில்லை. அண்ணனிடம் போய் "சில வாரத்துக்கு ஒரு தடவை நின்னுடுதுண்ணா" என்றேன். அவர் நோட்டை என் பக்கம் தள்ளி, என்ன நடக்கணும், என்ன நடக்குது, நீ என்னென்ன பார்த்தே, எல்லாத்தையும் எழுது என்றார். நான் பேனாவைப் பிடித்துக்கொண்டு முழித்ததைப் பார்த்துவிட்டு, "தமிழ்ல எழுது தம்பி, பரவால்ல" என்றார். நாலு வருடக் கல்லூரியில் யாரும் எனக்குச் சொல்லாத வார்த்தை அது.

எழுதினேன், அரைப் பக்கம் வந்தது. படித்துவிட்டு அவர் "சில வாரம்" என்ற இடத்தில் கோடு போட்டு, "சில வாரம்னா எத்தனை நாள்?" என்று மட்டும் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அப்போது பீன்யாவுக்கு மெட்ரோ கிடையாது, மெஜஸ்டிக்கில் பஸ் மாறிப் போய் அங்கே ஷிஃப்ட் ஆபரேட்டர் எழுதி வைத்திருந்த ரிஜிஸ்டரைப் புரட்டினேன். கருவியை எந்தத் தேதி எத்தனை மணிக்கு ஆன் செய்தார்கள், எப்போது நின்றது எல்லாம் அதில் இருந்தது. கணக்குப் போட்டால் ஒவ்வொரு தடவையும் 49 நாள், கூடவே பதினேழு மணி நேரம் சொச்சம்.

எலக்ட்ரானிக்ஸ் படிப்பவனுக்கு இந்த இடம் சிலிர்க்க வேண்டும். மைக்ரோகண்ட்ரோலர், அதாவது கருவிக்குள் புரோகிராமை ஓட்டுகிற சின்ன சிப், ஆன் ஆனதிலிருந்து எத்தனை மில்லிசெகண்ட் ஆயிற்று என்று ஒரு 32 பிட் எண்ணில் எண்ணிக்கொண்டே போகும். 32 பிட்டில் அதிகபட்சம் 4,294,967,295 வரைதான் எண்ண முடியும், அதற்கு அடுத்தது மறுபடி பூஜ்யம். அவ்வளவு மில்லிசெகண்டை நாளாக்கினால் 49 நாள் 17 மணி நேரம் 2 நிமிடம் 47 செகண்ட். எண் பூஜ்யத்துக்குத் திரும்பிவிட்டது, எங்கள் புரோகிராம் பழைய பெரிய எண்ணையே எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தது. இந்த நேரம் அந்த நேரத்தைத் தாண்டியதா என்று ஒப்பிடுவதற்குப் பதிலாக, இரண்டையும் கழித்து வருகிற வித்தியாசம் எவ்வளவு என்று பார்க்கும்படி மாற்றினோம். மாற்றியது ஒரே ஒரு வரி.

இது என் முட்டாள்தனம் மட்டும் இல்லை, பெரிய இடங்களிலும் நடந்ததுதான். விண்டோஸ் 95, 98 இரண்டிலும் கம்ப்யூட்டரை அணைக்காமல் 49.7 நாள் ஓடவிட்டால் உறைந்துபோகிற பிழை இருந்தது. 2015-ல் போயிங் 787 விமானத்தை 248 நாள் தொடர்ந்து மின்சாரத்தில் வைத்திருந்தால் ஜெனரேட்டர்களைக் கட்டுப்படுத்தும் கருவிகள் ஒரேயடியாக நின்றுவிடலாம், இடையில் அணைத்துப் போடுங்கள் என்று அமெரிக்க விமானத்துறை உத்தரவே போட்டது. செகண்டில் நூறில் ஒரு பங்கை ஒன்று என்று வைத்து 31 பிட் அளவுக்கு, அதாவது சுமார் 214 கோடி வரை எண்ணிப் பாருங்கள், அதே 248 நாள் வரும். உங்கள் தம்பியை இந்தக் கணக்கை இன்றைக்கே கையால் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

இப்போது ஏஐ விஷயத்துக்கு வருகிறேன். நான் தினமும் அதைப் பயன்படுத்துகிறேன், நல்ல கருவி, வேண்டாம் என்று சொல்லவே மாட்டேன். போன மாதம் ஒரு ஆர்வத்தில் அந்தப் பழைய பிரச்சினையை அதனிடம் இரண்டு விதமாகக் கேட்டேன். கருவி சில வாரத்துக்கு ஒரு தடவை நிற்கிறது என்றதும் பவர் சப்ளை, மெமரி, சூடு, வயர் என்று ஒரு பெரிய பட்டியல் தந்தது, எல்லாமே நடக்கக்கூடிய காரணங்கள்தான், உட்கார்ந்து பார்த்தால் ஒரு மாதம் போய்விடும். 49 நாள் 17 மணி நேரம் என்று சொன்னதும் முதல் வரியிலேயே சரியான காரணத்தைச் சொல்லிவிட்டது. அந்த 49 என்ற எண்ணைத் தந்த தேதிகள் பீன்யாவில் ஒரு ரிஜிஸ்டரில் பால்பாயிண்ட் பேனாவில் எழுதிக் கிடந்தன. யாராவது பஸ் ஏறிப் போய் எடுத்துக்கொண்டு வந்தால்தான் உண்டு. எதைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று தெரிவது, பார்த்ததைத் தெளிவாகக் கேள்வியாக்குவது, இதைத்தான் நான் படிப்பு என்கிறேன். இதற்குக் கல்லூரி மாதிரி நல்ல இடம் கிடையாது: லேப் இருக்கிறது, கெட்டுப்போன போர்டு இருக்கிறது, தப்பு செய்தால் சம்பளம் போகாது, கேட்க நாலு பேர் இருக்கிறார்கள்.

வீடியோ பற்றியும் சொல்ல வேண்டும். இன்று நான் படித்த காலத்தில் இல்லாத செல்வம் கொட்டிக் கிடக்கிறது. ஐஐடிகளும் இங்கே இருக்கிற இந்திய அறிவியல் கழகமும் (ஐஐஎஸ்ஸி) சேர்ந்து 2003-ல் ஆரம்பித்த என்பிடெல் என்ற இணையத் திட்டத்தின் வீடியோ பாடங்களை யார் வேண்டுமானாலும் காசில்லாமல் பார்க்கலாம். நானே நாற்பது வயதில் அதில் கண்ட்ரோல் சிஸ்டம்ஸ் பாடத்தை மறுபடி முதலிலிருந்து பார்த்தேன். ஆனால் வீடியோவில் எல்லாம் புரிகிற மாதிரியே இருக்கும், ஏனென்றால் சொல்லித்தருகிறவர் எங்கேயும் மாட்டிக்கொள்வதில்லை. அவர் மாட்டிக்கொண்ட இரவுகளையெல்லாம் முன்னாலேயே தாண்டி வந்துவிட்டார். நிறுத்திவிட்டு வெள்ளைத்தாளில் அதே கணக்கைத் தனியாகப் போடும்போது மூன்றாவது வரியில் கை நிற்கும் பாருங்கள், படிப்பு அங்கேதான் ஆரம்பிக்கிறது. உங்கள் தம்பி அந்த மூன்றாவது வரியில் என்ன செய்கிறான் என்று கவனியுங்கள். உடனே அடுத்த வீடியோவுக்குப் போகிறான் என்றால் கல்லூரியை விட்டாலும் தொடர்ந்தாலும் ஒரே நிலைதான்.

நான் இருப்பது லிங்கராஜபுரம். ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் தெருவில் டிப்ளமோ படிக்கிற நாலைந்து பிள்ளைகள் வீட்டுக்கு வருவார்கள், எல்லாம் தமிழ்க் குடும்பம். வீட்டில் பேசுவது தமிழ், பள்ளியில் படித்தது கன்னடமும் ஆங்கிலமும், தமிழைப் படிக்கத் தெரியாது. அதில் ஒரு பெண் ஆரம்பத்தில் கம்ப்யூட்டர் திரையைப் போனில் படம் எடுத்து "ஒர்க் ஆகல அண்ணா" என்று அனுப்புவாள், அவ்வளவுதான் செய்தி. படத்தில் சிவப்பு எழுத்தில் என்ன தப்பு, எத்தனாவது வரி என்று கம்ப்யூட்டரே எழுதியிருக்கும், அதை அவள் படித்திருக்கவே மாட்டாள். ஆங்கிலத்தில் சிவப்பாக ஏதாவது வந்தால் தன்னைத் திட்டுகிறது என்றே நினைத்திருக்கிறாள். எனக்கு இது மனசைப் பிசைந்தது, ஏனென்றால் கல்லூரியில் நானும் அப்படித்தான் இருந்தேன். இப்போது ஒரு விதி வைத்திருக்கிறேன்: படம் அனுப்பக்கூடாது, அந்த சிவப்பு வரியை ஒவ்வொரு எழுத்தாகத் தட்டச்சு செய்ய வேண்டும், அதற்குக் கீழே அது என்ன சொல்கிறது என்று தமிழில் எழுத வேண்டும், ஆங்கில எழுத்தில் தமிழை எழுதினாலும் சரி. தட்டச்சு செய்யும்போதே பாதிப் பிரச்சினையை அவர்களே கண்டுபிடித்துவிடுகிறார்கள், மீதிப் பாதியோடு வரும்போது எனக்கும் பேச விஷயம் இருக்கிறது.

இன்னொரு கவலையும் இருக்கிறது, கேள்விக்குச் சம்பந்தம் இருப்பதால் சொல்லிவிடுகிறேன். நான் பீன்யாவுக்கு அலைந்த அதே 2008-ல்தான் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ ஆரம்பித்தது, புரோகிராம் எழுதுகிறவர்கள் பொதுவில் கேள்வி கேட்டுப் பதில் எழுதுகிற இணையதளம். எங்கேயோ போலந்திலோ பிரேசிலிலோ இருக்கிற ஒருவர் கேட்ட கேள்விக்கு வேறொருவர் எழுதிய பதில், ஐந்து வருடம் கழித்து ராத்திரி பதினோரு மணிக்கு எனக்கு உதவியிருக்கிறது, ஒரு தடவை இரண்டு தடவை இல்லை. 2022 நவம்பர் கடைசியில் சாட்ஜிபிடி வந்த பிறகு அங்கே புதுக் கேள்விகள் பெரிய அளவில் குறைந்துவிட்டன. எல்லோரும் தனியாக ஏஐயிடம் கேட்கிறோம், இல்லையென்றால் வாட்ஸ்அப், டெலிகிராம் குழுவுக்குள் கேட்கிறோம். பதில் கிடைக்கிறது, ஆனால் அடுத்து வருகிறவனுக்குத் தடம் இல்லை. அந்த ஏஐ கற்றுக்கொண்டதே இப்படிப் பொதுவில் கிடந்த பழைய பதில்களிலிருந்துதானே. ஆங்கிலத்துக்காவது இத்தனை வருடச் சேமிப்பு இருக்கிறது. தமிழில் ஒரு மைக்ரோகண்ட்ரோலர் சந்தேகத்தைத் தேடிப் பாருங்கள், அனேகமாக வீடியோவும் விளம்பரமும்தான் வரும், எழுத்தாக உருப்படியான பதில் அபூர்வம். அண்ணா பல்கலைக்கழகம் 2010-லேயே சிவில், மெக்கானிக்கல் இரண்டையும் தமிழ்வழியில் ஆரம்பித்தது. அப்படிப் படிக்க வருகிற பிள்ளை பாடப்புத்தகத்துக்கு வெளியே ஒரு சந்தேகத்தைத் தமிழில் எங்கே போய்த் தேடுவான்? அதனால்தான் வேலை முடிந்து வந்து இவ்வளவு நீளமாக இங்கே எழுதுகிறேன்.

ஆறே மாதத்தில் வேலை, இவ்வளவு லட்சம் சம்பளம் என்கிற ரீல்ஸைப் பார்த்துத்தான் தம்பிக்கு இந்த யோசனை வந்தது என்றால், ஒரு வார்த்தை. மாரத்தஹள்ளியிலும் பிடிஎம் லேஅவுட்டிலும் தெருவுக்குத் தெரு பயிற்சி மையம் இருக்கிறது, எல்லாமே மோசம் என்று சொல்லவில்லை. ஆனால் அங்கிருந்து நேர்முகத் தேர்வுக்கு வருகிற பிள்ளைகளில் பலர் ஒரே மாதிரி ப்ராஜெக்ட்டை ஒரே மாதிரி வார்த்தைகளில் சொல்கிறார்கள். நடுவில் ஒரு கேள்வி கேட்டால் நின்றுவிடுகிறார்கள், பார்க்கவே கஷ்டமாக இருக்கிறது, அவர்கள் அப்பா அம்மா கட்டிய பணம் அது. நான் நேர்முகத்தில் இப்போதெல்லாம் கேட்பது ஒன்றுதான்: கடைசியாக எங்கே மாட்டிக்கொண்டாய், எப்படி வெளியே வந்தாய், தமிழிலேயே சொல்லு.

உங்கள் தம்பி இந்த வாரம் லேபில் ஏதாவது ஒரு இடத்தில் கண்டிப்பாக மாட்டிக்கொள்வான். என்ன நடக்க வேண்டும், என்ன நடக்கிறது, என்னென்ன பார்த்தான் என்று அரைப் பக்கம் எழுதி, முதலில் தன் சாரிடம் காட்டட்டும். அவர் நேரமில்லை என்றால் கீழே பின்னூட்டத்தில் போடட்டும், ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்குள் பதில் எழுதிவிடுவேன். படம் வேண்டாம், தட்டச்சு செய்யட்டும். எத்தனை நாள், எத்தனை வோல்ட், எத்தனை தடவை என்ற எண்களை மட்டும் விட்டுவிட வேண்டாம்.