பொக்லைனில் பாறை ரம்பம்: வாசகர் கேள்விகள்

கேள்வி: வீட்டுச் சுவரை ஒட்டிச் சாக்கடைக் குழாய்க்குப் பள்ளம் எடுக்கிறோம். பிரேக்கர் (பாறையை இடித்து உடைக்கும் உளி) போட்டால் பக்கத்து வீட்டில் விரிசல் விழுகிறது. அதனால் 20 டன் பொக்லைனில் 1.2 மீட்டர் டைமண்ட் பிளேடு மாட்டினோம். இரண்டு மணி நேரம் நன்றாக வெட்டியது. இப்போது பிளேடு சுற்றுகிறது, கல்லில் இறங்க மாட்டேன் என்கிறது. தேய்ந்துவிட்டதா?
- ஒப்பந்ததாரர், பல்லாவரம்

பதில்: தேயவில்லை, தேயாததுதான் கோளாறு. என்ஜினை அணைத்து, பிளேடு ஆறியபின் செக்மென்ட்டை (விளிம்பில் இருக்கும் வைரம் பதித்த துண்டை) விரலால் தடவிப் பாருங்கள். வெட்டுகிற செக்மென்ட் உப்புத்தாள் போலச் சொரசொரக்கும். உற்றுப் பார்த்தால் ஒவ்வொரு வைரத் துணுக்குக்குப் பின்னாலும் சின்னதாக ஒரு வால் தெரியும். உங்களுடையது கண்ணாடி மாதிரி வழுக்கும்.

வைரத்தைப் பிடித்திருக்கும் உலோகக் கலவைக்குப் பாண்டு என்று பெயர். அது கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்தால்தான் மழுங்கிய வைரம் உதிர்ந்து புதியது வெளியே வரும். பல்லாவரத்துப் பாறை சார்னோக்கைட். கல்கத்தாவில் ஜோப் சார்னாக்கின் கல்லறையில் இருப்பது இந்த வகைக் கல் என்பதால் வந்த பெயர். மிகக் கடினமான கல், ஆனால் பாண்டை அரிக்காது. ஆகவே அதற்கு மென்மையான பாண்டு வேண்டும். மணற்கல்லும் புதுக் கான்கிரீட்டும் அரித்துத் தின்பவை. அவற்றுக்குத்தான் கடினப் பாண்டு. வாடகைக்கு வரும் பிளேடு பெரும்பாலும் கான்கிரீட்டுக்கானதாக இருக்கும், கேட்டு வாங்குங்கள்.

வேகத்தையும் பாருங்கள். பிளேடைச் சுற்றவைக்கும், ஆயில் அழுத்தத்தில் ஓடும் மோட்டார் ஒரு சுற்றுக்கு 250 சி.சி. ஆயில் எடுப்பது என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 160 லிட்டர் அனுப்பினால் 640 சுற்று, 1.2 மீட்டர் பிளேடின் விளிம்பு வினாடிக்கு 40 மீட்டர் ஓடும். கான்கிரீட்டுக்கு அது சரி. கருங்கல்லுக்குச் சுமார் 30 மீட்டர் போதும், அதற்கு 120 லிட்டர். இதை மானிட்டரில் அட்டாச்மென்ட் ஆயில் அளவைக் குறைத்துச் செய்யுங்கள். ஆக்சிலரேட்டரைக் குறைத்தால் பாரம் ஏறும்போது என்ஜின் அமுங்கும்.

இப்போதைக்கு அந்த பிளேடைத் தீட்ட, மணற்கல்லிலோ சாலிட் பிளாக்கிலோ 2-3 செ.மீ. ஆழத்தில் பத்துப் பதினைந்து முறை ஓட்டுங்கள். வைரம் மறுபடி தலைகாட்டும்.

ஆழத்தையும் முன்கூட்டியே கணக்குப் போடுங்கள். நடுவில் பிடிக்கும் ஃபிளாஞ்சு 30 செ.மீ. என்றால் 120-இல் அதைக் கழித்து இரண்டால் வகுத்தால் 45. நம்பி 40 செ.மீ. வெட்டலாம். அதற்குக் கீழே போக, மோட்டாரின் வெளிக்கூடே பள்ளத்துக்குள் இறங்க வேண்டும். முதல் அடுக்கை அதற்கேற்ற அகலத்தில் எடுக்காவிட்டால் இரண்டாவது அடுக்கில் கூடு சுவரில் முட்டி நிற்கும். இரண்டு ஓரமும் வெட்டி, குறுக்கே துண்டு போட்டபின் நடுக்கல்லைச் சிறிய பிரேக்கரால் எடுக்கலாம். வெட்டிய ஆழம் வரைக்கும் அந்த இடைவெளி அதிர்வைச் சுவர்ப் பக்கம் போகவிடாமல் பெரிதும் தடுக்கும். ஆனால் வெட்டுக்கோட்டுக்குக் கீழே உளியை இறக்காதீர்கள்.

கேள்வி: பிரேக்கர் லைனிலேயே ரம்பத்தை இணைத்தோம். மூன்றாம் நாள் மோட்டார் ஷாஃப்ட் சீல் வழியாக ஆயில் கொட்டுகிறது. சீல் மாற்றினாலும் மறுபடி அதே கதை.
- பொக்லைன் உரிமையாளர், ஓசூர்

பதில்: சீலைக் குறை சொல்லாதீர்கள். பிரேக்கருக்குப் போக ஒன்று, வர ஒன்று என இரண்டு ஓஸ் போதும். ரம்ப மோட்டாருக்கு மூன்றாவதாக கேஸ் டிரெய்ன் ஓஸ் வேண்டும். மோட்டாருக்குள் கசியும் ஆயில் அதன் வழியே நேராக டேங்குக்குப் போக வேண்டும். அதை அடைத்தாலோ, ரிட்டர்ன் லைனில் T வடிவ இணைப்புப் போட்டுச் சேர்த்தாலோ, ரிட்டர்ன் அழுத்தம் கூட்டுக்குள் ஏறிச் சீலை வெளியே தள்ளிவிடும். நீங்கள் எத்தனை சீல் மாற்றினாலும் இதுதான் நடக்கும். டிரெய்ன் போர்ட்டில் அழுத்தம் காட்டும் கேஜ் மாட்டிப் பாருங்கள். மோட்டார் கையேடு சொல்லும் அளவுக்குள் இருக்க வேண்டும், பொதுவாக அது சில பார் (அழுத்த அலகு) மட்டுமே. ஓஸை இணைக்கும் குயிக் கப்ளர் முழுதாக உட்காராமல் இருப்பதும் அடிக்கடி பார்க்கும் காரணம். புதிதாக இணைக்கும்போது ஓட்டுவதற்கு முன்பு கூட்டில் ஆயிலை நிரப்புங்கள்.

இன்னொன்று: பெடலை விட்டாலும் கனமான பிளேடு தன் வேகத்தில் சுற்றிக்கொண்டே இருக்கும். மோட்டாரின் இரு போர்ட்டுக்கும் இடையே செக் வால்வு (ஆயிலை ஒரே திசையில் விடும் வால்வு) இல்லையென்றால், ஒரு பக்கம் ஆயில் கிடைக்காமல் வெற்றிடம் உண்டாகி உள்பாகங்கள் அரிபடும்.

கேள்வி: பழைய பாலத்தின் கான்கிரீட் தளத்தை வெட்டும்போது பிளேடு சிக்கிச் சிக்கி நிற்கிறது.
- தள மேற்பார்வையாளர், திருச்சி

பதில்: இரண்டு காரணம் இருக்கலாம். முதலாவது, வெட்டும் துண்டு தொங்கி, இடைவெளி மேலே மூடிக்கொண்டு பிளேடைக் கவ்வுகிறது. அடியில் முட்டுக் கொடுத்துவிட்டு வெட்டுங்கள். வெட்டிய கோட்டில் எஃகு ஆப்புகளைச் செருகிக்கொண்டே போங்கள். இரண்டாவது, ஆபரேட்டரின் கை. ஆர்மை (பொக்லைன் கையின் முன்பகுதியை) மட்டும் இழுத்தால் பிளேடு வில்லாக வளைந்து போகும். பூமையும் (கையின் அடிப்பகுதியையும்) சேர்த்து அசைத்தால்தான் ஆழம் மாறாது. முதலில் 3-5 செ.மீ. ஆழத்தில் வழிக்கோடு போடுங்கள், பிறகு படிப்படியாக இறங்குங்கள். பிளேடு கல்லுக்குள் இருக்கும்போது வண்டியைப் பக்கவாட்டில் திருப்பும் ஸ்விங் லீவரை விரல்கூடத் தொடக்கூடாது. பிளேடின் எஃகுத் தட்டு ஒருமுறை கோணினால் தளத்தில் நிமிர்த்திச் சரியாக்குவது கடினம். கம்பியைத் தொட்டதும் சத்தம் மாறும், தீப்பொறி தெரியும். அப்போது இழுக்கும் வேகத்தைக் குறையுங்கள். முன்னிறுக்கிய கேபிள் (கான்கிரீட்டுக்குள் இழுத்து இறுக்கி வைத்த எஃகு வடம்) உள்ள பாலம் என்றால் வடிவமைப்புப் பொறியாளர் வெட்டும் வரிசையை எழுதித் தரும்வரை கை வைக்காதீர்கள்.

கேள்வி: டைமண்டுக்குப் பதில் கார்பைடு பல் சக்கரம் போடலாமா? தண்ணீர் இல்லாமல் ஓட்டலாமா?
- வாசகர், அரியலூர்

பதில்: உங்கள் ஊர்ச் சுண்ணாம்புக்கல்லுக்குக் கார்பைடு நன்றாகவே ஓடும். கருங்கல்லில் பல் சீக்கிரம் மழுங்கும், கம்பியில் பட்டால் உடையும். தண்ணீர் இல்லாமல் மட்டும் ஓட்டாதீர்கள். கான்கிரீட்டிலும் கருங்கல்லிலும் உள்ள படிகச் சிலிக்காத் தூள் நுரையீரலில் படிந்தால் சிலிகோசிஸ் வரும். வந்தபின் குணப்படுத்த முடியாது. கேபினுக்குள் இருக்கும் ஆபரேட்டரைவிட, பக்கத்தில் ஓஸ் பிடித்து நிற்கும் ஹெல்பருக்குத்தான் அந்தத் தூள் அதிகம் போகும். அவர் கையில் ஓஸைக் கொடுக்காமல், பிளேடின் இருபுறமும் தண்ணீர் தெளிக்கும் நாசில் பொருத்துங்கள். பிளேடு சுற்றும் நேர்கோட்டில், முன்னாலும் பின்னாலும், யாரும் நிற்கக் கூடாது. செக்மென்ட் கழன்றால் அந்தத் திசையில்தான் பறக்கும்.