சி டிரைவ் நிறைந்துவிட்டது, காசு கட்ட வேண்டுமா?

கேள்வி: கும்பகோணத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். கடை கம்ப்யூட்டரில் 128 ஜிபி எஸ்எஸ்டி. சி டிரைவ் சிவப்பாகிவிட்டது, 3 ஜிபிதான் மிச்சம். பெரிய பிடிஎஃப்பை பிரின்ட் கொடுத்தால் பாதியில் நின்றுவிடுகிறது. சர்வீஸ் கடையில் ஃபார்மட் அடித்துப் புதிதாக ஓஎஸ் போட 800 ரூபாய் கேட்கிறார்கள். நெட்டில் இறக்கிய ஒரு கிளீனர் சாஃப்ட்வேரோ, 1,400 பிழைகள் இருப்பதாகச் சிவப்பில் காட்டி, சரிசெய்ய ஆண்டுக்கு 1,999 ரூபாய் கட்டச் சொல்கிறது. எதற்குக் கட்டலாம்?

பதில்: இரண்டுக்கும் வேண்டாம். கடையில் கூட்டம் இல்லாத ஒரு மதிய வேளையில் அரை மணி நேரம் உட்கார்ந்தால் போதும்.

முதலில் ஒரு கணக்கு. 128 ஜிபி என்று வாங்கிய டிஸ்க் விண்டோஸில் 119 ஜிபி என்றுதான் காட்டும். விற்றவர் ஏமாற்றவில்லை. தயாரிப்பாளர்கள் ஒரு ஜிபியை 100 கோடி பைட் என்று எண்ணுகிறார்கள், விண்டோஸ் 1,024-இன் மடங்குகளில் எண்ணுகிறது. அந்த 119-லும் விண்டோஸுக்கே ஒரு பெரிய பங்கு போய்விடும். ஆக, உங்களிடம் இருப்பது சின்ன வீடுதான். அடிக்கடி கூட்டித்தான் ஆக வேண்டும்.

கூட்டுவதற்கான துடைப்பம் விண்டோஸுக்குள்ளேயே இருக்கிறது. செட்டிங்ஸ், அதில் சிஸ்டம், அதில் ஸ்டோரேஜ். திறந்ததும் ஒரு நிமிடம் பொறுங்கள், அது கணக்கெடுத்து முடிக்கட்டும். பிறகு 'டெம்பரரி ஃபைல்ஸ்' என்பதைத் தொட்டால் ஒரு பட்டியல் வரும். விண்டோஸ் அப்டேட் கிளீனப், டெலிவரி ஆப்டிமைசேஷன் ஃபைல்ஸ், டெம்பரரி ஃபைல்ஸ், தம்ப்நெயில்ஸ்: இவற்றைத் தயங்காமல் டிக் செய்யலாம். தம்ப்நெயில் என்பது போட்டோக்களின் குட்டி முன்தோற்றம்தான், தேவைப்படும்போது அதுவே மறுபடி உருவாகிக்கொள்ளும். ரீசைக்கிள் பின்னை ஒருமுறை திறந்து பார்த்துவிட்டு டிக் செய்யுங்கள். காலி செய்யும் வரை அதில் கிடப்பதெல்லாம் இடத்தை அடைத்துக்கொண்டுதான் இருக்கும்.

விண்டோஸ் 10-இலிருந்து 11-க்கு அண்மையில் மாறியிருந்தால் 'ப்ரீவியஸ் விண்டோஸ் இன்ஸ்டலேஷன்' என்றும் ஒரு வரி இருக்கும். பழைய ஓஎஸ் மொத்தமும் அப்படியே மூட்டை கட்டி வைக்கப்பட்டிருப்பதால் பல ஜிபி தேறும். வழக்கமாக 10 நாளில் விண்டோஸே அதை நீக்கிவிடும். அதற்குள் நீங்கள் நீக்கினால் பழையதுக்குத் திரும்ப முடியாது. புதியதில் பிரின்டரும் ஸ்கேனரும் ஒழுங்காக ஓடுகின்றனவா என்று பார்த்துக்கொண்டு நீக்குங்கள்.

அதே பட்டியலில்தான் ஒரு கண்ணியும் இருக்கிறது: 'டவுன்லோட்ஸ்'. அதை டிக் செய்துவிட்டால் அந்த ஃபோல்டரில் இருப்பதெல்லாம் போய்விடும், ரீசைக்கிள் பின்னில்கூடக் கிடைக்காது. நானே ஒருமுறை எல்லா டிக்கையும் போட்டு, மச்சானின் பத்திர ஸ்கேனைத் தொலைத்துவிட்டு நாலு நாள் அவர் கண்ணில் படாமல் இருந்தேன். ஆகவே அந்த டிக்கைத் தொடாதீர்கள்.

ஆனால் உங்கள் தொழிலில் உண்மையான குப்பைமேடு அந்த டவுன்லோட்ஸ்தான் என்று நினைக்கிறேன். வாட்ஸ்அப்பிலும் மெயிலிலும் வாடிக்கையாளர்கள் அனுப்பிய ஆதார், சாதிச் சான்றிதழ், மார்க் ஷீட் எல்லாம் 'ஆதார் (1)', 'ஆதார் (2)' என்று வரிசைகட்டி நிற்கும். தேதிவாரியாக அடுக்கி, வேலை முடிந்த பழையவற்றைக் கையால் அழியுங்கள். இடம் கிடைப்பது ஒரு பக்கம். ஊராருடைய ஆதார் நகல் கடை கம்ப்யூட்டரில் மாதக்கணக்கில் கிடப்பதே சரியில்லை. தினம் கடை சாத்தும்போது அன்றைய ஃபைல்களை அழித்துவிடும் பழக்கம் நல்லது.

அடுத்தது டெம்ப் ஃபோல்டர், அதாவது புரோகிராம்கள் தற்காலிகமாக எழுதி வைக்கும் ஃபைல்கள் கிடக்கும் இடம். கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்துவிட்டு, விண்டோஸ் பட்டனையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்துங்கள். வரும் பெட்டியில் முன்னும் பின்னும் சதவீதக் குறி போட்டு %டெம்ப்% என்று (ஆங்கில எழுத்தில்தான்) அடித்து என்டர் தட்டுங்கள். எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து டெலிட். சிலவற்றுக்கு 'வேறு புரோகிராம் பயன்படுத்துகிறது' என்று வரும், ஸ்கிப் கொடுத்துவிடுங்கள். ஒரே ஒரு எச்சரிக்கை: ஜிப் ஃபைலுக்குள் இருந்தபடியே ஒரு டாக்குமென்ட்டைத் திறந்து திருத்தி சேவ் செய்திருந்தால், அந்தத் திருத்தம் இந்த டெம்ப்பில்தான் இருக்கக்கூடும். அப்படி ஏதும் செய்தீர்களா என்று யோசித்துவிட்டு அழியுங்கள்.

பிரின்ட் பாதியில் நிற்கிறது என்றீர்கள் அல்லவா? நீங்கள் பிரின்ட் கொடுக்கும் ஒவ்வொன்றையும் விண்டோஸ் முதலில் சி டிரைவில் ஒரு ஸ்பூல் ஃபைலாக எழுதி, பிறகுதான் பிரின்டருக்கு அனுப்புகிறது. 5 எம்பி பிடிஎஃப்கூட ஸ்பூலில் பல மடங்கு வீங்கலாம். மிச்சம் 3 ஜிபி இருக்கும்போது படம் நிறைந்த ஒரு புராஜெக்ட் ரிப்போர்ட் வந்தால் மூச்சு முட்டத்தான் செய்யும். பிரின்டர் ப்ராப்பர்ட்டீஸில் அட்வான்ஸ்டு பக்கத்தைத் திறந்து, 'கீப் பிரின்டட் டாக்குமென்ட்ஸ்' என்ற டிக் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். விழுந்திருந்தால், அடித்து முடித்த ஒவ்வொன்றின் நகலும் டிஸ்க்கிலேயே தங்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள். எடுத்துவிடுங்கள். வரிசையில் சிக்கிக் கிடக்கும் பழைய ஜாப்களையும் கேன்சல் செய்யுங்கள்.

இவ்வளவும் செய்த பிறகு அந்த கிளீனர் சாஃப்ட்வேரை அன்இன்ஸ்டால் செய்துவிடலாம். அது காட்டும் 1,400 பிழைகள் பெரும்பாலும் ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸும் சாஃப்ட்வேர்களும் தங்கள் அமைப்புகளைக் குறித்து வைக்கும் பதிவேடு) கிடக்கும் பழைய பதிவுகளாகத்தான் இருக்கும். அவற்றை நீக்கினால் டிஸ்க்கில் ஒரு போட்டோ வைக்கும் இடம்கூடப் பெரிதாகக் கிடைக்காது. ரெஜிஸ்ட்ரி கிளீனர்களை ஆதரிப்பதில்லை என்று மைக்ரோசாஃப்ட்டே சொல்லியிருக்கிறது. பெயர்பெற்ற கிளீனர் என்றாலும் இதே பேச்சுதான். 2017-இல் சிகிளீனரின் 5.33 பதிப்பிலேயே, நிறுவனத்துக்குத் தெரியாமல், யாரோ தீய நிரலைச் செருகியிருந்தார்கள். அது 20 லட்சத்துக்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்களுக்குப் போய்ச் சேர்ந்தது.

விண்டோஸ் ஃபோல்டருக்குள் போய், அது தன் சிஸ்டம் ஃபைல்களை வைத்திருக்கும் 'வின்எஸ்எக்ஸ்எஸ்' ஃபோல்டர் பெரிதாக இருக்கிறதே என்று கை வைக்காதீர்கள். அது காட்டும் அளவு உண்மையில் அடைக்கும் இடத்தைவிட அதிகம். அதில் கையால் அழித்தால் ஃபார்மட் அடிக்கத்தான் வேண்டிவரும்.

கேள்வி: நான் ஏற்கெனவே அப்படியொரு கிளீனருக்கு கார்டில் பணம் கட்டிவிட்டேன். அடுத்த ஆண்டு தானாகப் பிடித்துக்கொள்வார்களோ?

பதில்: ஆட்டோ ரினியூவல் போட்டிருந்தால் பிடிப்பார்கள். ரிசர்வ் வங்கியின் இ-மேன்டேட் (தானாகப் பணம் எடுக்க நீங்கள் கொடுக்கும் முன் அனுமதி) விதிப்படி, பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பே உங்களுக்குத் தகவல் வர வேண்டும். அதுவரை காத்திருக்க வேண்டாம். உங்கள் வங்கியின் ஆப்பிலோ இணையதளத்திலோ இ-மேன்டேட் அல்லது ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்ஷன் என்ற பகுதியில் பார்த்து இப்போதே ரத்து செய்யலாம். விற்றவர்கள் சொன்னபடி நடக்கவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. 'உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ், இந்த எண்ணை அழையுங்கள்' என்று திரையில் வந்ததை நம்பிப் பணம் இழந்திருந்தால் அது சைபர் மோசடி. தாமதிக்காமல் 1930-ஐ அழையுங்கள்.

கேள்வி: மகளுக்கு 64 ஜிபி லேப்டாப் மலிவாக வருகிறது. அப்புறம் எஸ்எஸ்டி மாற்றிக்கொள்ளலாம் என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா?

பதில்: ஸ்பெசிஃபிகேஷனில் 'இஎம்எம்சி' (எஸ்எஸ்டிக்குப் பதிலாக வரும் ஒரு வகை ஸ்டோரேஜ் சிப்) என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். போட்டிருந்தால் அந்தச் சிப் மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டது, கழற்றி மாற்ற முடியாது. புதிதாக எஸ்எஸ்டி போட தனியாக ஒரு ஸ்லாட் இருக்கிறதா என்று கேளுங்கள், இருப்பதாகச் சொன்னால் பில்லிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் சொல்லும் குறைந்தபட்ச அளவே 64 ஜிபிதான். முதல் செமஸ்டர் முடிவதற்குள் உங்கள் மகளும் டெம்ப் ஃபைல் அழிப்பது எப்படி என்று எனக்கு எழுதுவார். கொஞ்சம் கூடப் போட்டு 256 ஜிபி பாருங்கள், முடிந்தால் 512.