குதிரையின் கடைசி நாள்

அன்புள்ள ஐயா,

அமெரிக்காவில் குதிரை இறைச்சிக்கூடங்கள் மூடப்பட்டதை வரவேற்று எழுதியிருந்தீர்கள். அதன் பிறகுதான் வயதான குதிரைகளின் பாடு மோசமானது என்கிறார்கள் அங்கே குதிரைப் பண்ணை வைத்திருக்கும் என் நண்பர்கள். மாட்டை வெட்டலாம், குதிரையை வெட்டக்கூடாது என்பது என்ன நியாயம்?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

உங்கள் நண்பர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. டெக்சாஸில் இரண்டும் இல்லினாயில் ஒன்றுமாக எஞ்சியிருந்த கூடங்கள் 2007-ல் மூடப்பட்டன. வெட்டு நிற்கவில்லை, எல்லை தாண்டியது. 2010-ல் மட்டும் சுமார் 1,38,000 குதிரைகள் கனடாவுக்கும் மெக்சிகோவுக்கும் லாரியேறியதாக அமெரிக்க அரசின் தணிக்கை அறிக்கையே சொல்கிறது. ஏற்றுமதியைத் தொடாத தடை அரைகுறைத் தடைதான்.

அதற்காகக் கூடங்களைத் திரும்பத் திறப்பதை என்னால் ஏற்கமுடியாது. மாடு அங்கே இறைச்சிக்கென்றே வளர்க்கப்படுகிறது. என்ன மருந்து கொடுக்கலாம் என்பதற்கு வரம்பு உண்டு. குதிரைக்குக் கால்வலி என்றால் பினைல்பியூட்டசோன் கொடுப்பார்கள். உணவுக்கான விலங்குகளுக்கு அந்த மருந்து கூடாது. எந்தக் குதிரைக்கு எப்போது கொடுத்தார்கள் என்பதற்கு நம்பகமான பதிவும் இல்லை. போதாக்குறைக்கு, குதிரை எளிதில் மிரளும் பிராணி. நெற்றியில் சரியான இடத்தில் ஆணித்துப்பாக்கியை (குண்டுக்குப் பதிலாக ஓர் இரும்பு ஆணி பாய்ந்து மண்டையைத் தாக்கும் கருவி) வைத்தால்தான் ஒரே அடியில் நினைவிழக்கும். குதிரையோ தலையை உதறிக்கொண்டே இருக்கும்.

என் கோபமெல்லாம் உரிமையாளர்கள் மேல்தான். குதிரை 25, 30 வருடம் வாழும். பந்தய வாழ்க்கை பெரும்பாலும் பத்து வயதுக்கு முன்பே முடிந்துவிடும். பிறகும் குளம்பு சீவ வேண்டும், தினமும் பத்து கிலோ அளவுக்குத் தீவனம் வேண்டும். முதுமையில் கடைவாய்ப்பல் தேய்ந்துபோன குதிரையைப் பாருங்கள்: புல்லை மென்று மென்று, விழுங்கமுடியாமல் உருண்டையாகத் துப்பும். தொட்டியைச் சுற்றி ஈரமான புல்லுருண்டைகள் கிடக்கும். ஊறவைத்த தீவனம் கொடுத்தால் இன்னும் சில வருடம் நன்றாகவே இருக்கும். அந்தச் சிரமத்துக்குப் பதிலாக ஏலத்துக்கு அனுப்பிவிட்டு, 'நல்ல இடத்துக்குப் போயிருக்கும்' என்று சொல்லிக்கொள்கிறார்கள். 1986-ல் அமெரிக்காவின் புகழ்பெற்ற பந்தயமான கென்டக்கி டெர்பியை வென்ற ஃபெர்டினான்ட் என்ற குதிரை, ஜப்பானுக்கு விற்கப்பட்டு, அங்கே இறைச்சிக்கூடத்துக்குப் போனதாக 2003-ல் செய்தி வந்தது. வென்ற குதிரைக்கே இந்தக் கதி.

வளர்க்க முடியாத நிலை யாருக்கும் வரலாம். அப்போது கால்நடை மருத்துவரை அழைத்து, லாயத்திலேயே ஊசி போட்டு, உடலை முறையாகப் புதைக்கும் செலவு உரிமையாளருடையது. குட்டியைப் பதிவுசெய்யும்போதே இனவிருத்தி செய்பவரிடம் அதற்கான தொகையை வசூலித்துவிட வேண்டும் என்பேன். உங்கள் நண்பர்கள் இதற்குச் சம்மதிப்பார்களா, கேட்டு எழுதுங்கள்.