பாட்டி வெளியே கருகி உள்ளே மாவாக நிற்பது ஏன்?

ஜெய்சல்மேர் மணல்மேடுகளில் பகல் முழுக்கச் சுற்றிவிட்டு ராத்திரி தால் பாட்டி சுட்டதில் உள்ளே வேகவில்லை என்று எழுதியிருந்தீர்கள். (நம்ம பாட்டி இல்லை, பருப்போடு சாப்பிடும் ராஜஸ்தான் கோதுமை உருண்டை!) தப்பு பெரும்பாலும் தீயில்தான். தீ கொழுந்துவிட்டு எரியும்போதே உருண்டையைப் போட்டால் தோல் கருகும், நடுப்பகுதிக்குச் சூடு போகாது. வறட்டி முழுதும் எரிந்து, கங்குமேல் சாம்பல் பூத்த பிறகு வையுங்கள். 10 நிமிடம் திருப்பித் திருப்பிச் சுட்டுத் தோல் இறுகியதும், சூடான சாம்பலுக்குள் புதைத்து இன்னொரு 20, 25 நிமிடம் விடணும். மேலே வெடிப்பு விட்டால் வெந்தாச்சு.

மாவும் முக்கியம். கொரகொரப்பான கோதுமை மாவு அரை கிலோவுக்கு நெய் 125 கிராம், உப்பு, கொஞ்சம் ஓமம். தண்ணீரைத் தெளித்துத் தெளித்து, பூரி மாவைவிடக் கெட்டியாகப் பிசையுங்கள். உருண்டை எலுமிச்சை அளவைத் தாண்ட வேண்டாம்.

பருப்புக்கு ஐந்து வகை சேர்ப்பதுதான் முறை. ஆனால் குக்கர் இல்லாத இடத்தில் கடலைப்பருப்பு சீக்கிரம் வேகாது, பசியோடு காத்திருக்கணும். பாசிப்பருப்பும் மசூரும் (மைசூர் பருப்பு) போதும்.

சாம்பலைத் துணியால் தட்டி, பாட்டியை அழுத்தி உடைத்து உடனே உருக்கிய நெய்யில் முக்குங்கள். ஆறிவிட்டால் நெய் உள்ளே இறங்காது, கல் மாதிரி ஆகிவிடும். மிஞ்சியதை நொறுக்கி வெல்லமும் நெய்யும் சேர்த்தால் சுர்மா என்ற இனிப்பு. மணல் நறநறக்காமல் இருக்க, பருப்புச் சட்டியை மூடியே வையுங்கள்.